மீனின் பிறவி எதிர்ப்பும் அதன் ஏற்பி மரபணுக்களும்: கொங்கு வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபிசெட்டிபாளையம், சத்தியமங்கலம், பவானி வட்டாரங்களில் பண்ணைக்குட்டையில் மீன் விடுகிறவர்களிடமும், கோவை, ஈரோட்டுக் கல்லூரிகளில் விலங்கியல் படிக்கிற பிள்ளைகளிடமும் சில ஆண்டுகளாகப் பேசி வருகிறேன். எங்கே போனாலும் அதே ஐயங்கள், ஏறக்குறைய அதே சொற்களில் வருகின்றன. அவற்றைத் தொகுத்து இங்கே வைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டுவிட்டேன். எளியவை முன்னாலும் சிக்கலானவை பின்னாலும் வரும்; ஒரு பதிலில் சொன்னதை மறுபடி சொல்லாமல், மேலே பார்க்குமாறு சுட்டியிருக்கிறேன்.

1. ஏனுங்க, மீனுக்கெல்லாம் நோய் எதிர்ப்புச் சக்தின்னு ஒண்ணு இருக்குதுங்களா?

இருக்கிறது; அதுவும் நமக்கு இருப்பதைப் போலவே இரண்டு அடுக்காக இருக்கிறது. முதல் அடுக்கு பிறக்கும்போதே கூட வருவது. உடல் மேலுள்ள வழுவழுப்பு, அதில் கலந்திருக்கும் கிருமிகொல்லிப் புரதங்கள், உள்ளே நுழைந்த கிருமியை விழுங்கும் வெள்ளணுக்கள் ஆகியவை இதைச் சேர்ந்தவை. இரண்டாவது அடுக்கு, ஒரு கிருமியைப் பார்த்த பிறகு அதற்கென்றே எதிர்ப்புப் புரதம் செய்து, அதை நினைவிலும் வைத்துக்கொள்வது. முதல் அடுக்கு சில மணி நேரத்தில் வேலையைத் தொடங்கிவிடும். இரண்டாவது அடுக்கு முழுதாக எழுந்து நிற்க மீனுக்கு வாரக்கணக்கில் ஆகும். தண்ணீர் குளிர்ந்திருந்தால் இன்னும் தாமதமாகும்.

பொரித்து வந்த குஞ்சுக்கு இரண்டாவது அடுக்கு முதல் சில வாரங்களில் முற்றியிருக்காது. தாய் முட்டையில் வைத்துக் கொடுத்ததையும் முதல் அடுக்கையும் நம்பித்தான் அது பிழைக்கிறது. ஆகவே மீன் வளர்ப்பவருக்கு முதல் அடுக்கைப் பற்றிய அறிவு கூடுதலாகவே பயன்படும்.

2. 'ஏற்பி'ங்கறீங்களே, அதென்னங்க? பூட்டும் சாவியும் மாதிரியா?

பாதி அப்படித்தான். ஏற்பி என்பது செல்லின் மேலோ உள்ளோ நின்று, தன்னிடம் வந்து ஒட்டும் பொருளை அறிந்து உள்ளே செய்தி அனுப்பும் ஒரு புரதம். பூட்டுக்கு ஒரே சாவிதான் சேரும். இங்கே பேசப்படும் ஏற்பிகளோ ஒரு வகைப் பொருளை மொத்தமாக அறிபவை. தோட்டத்து நாய்க்குத் திருடனுடைய பெயரும் ஊரும் தெரியாது. வீட்டு ஆள் இல்லை என்பது மட்டும் தெரியும். அது குரைப்பதற்கு அது போதும்.

கிருமியிடம் இருந்து மீனிடம் இல்லாத பொருள்கள் சில உண்டு. பாக்டீரியா நீந்தப் பயன்படுத்தும் கசையிழையின் புரதம், அதன் செல்சுவர்த் துண்டு, சில வைரஸ்கள் பெருகும்போது உண்டாகும் இரட்டை இழை ஆர்.என்.ஏ. போன்றவை. இவற்றை விட்டுவிட்டுக் கிருமியால் எளிதில் வாழ முடியாது என்பதால், இவற்றையே அடையாளமாகப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பு தொடங்க வேண்டும் என்று அமெரிக்க ஆய்வாளர் சார்லஸ் ஜேன்வே 1989-ல் முன்கூட்டியே சொன்னார். அப்போது அப்படி ஓர் ஏற்பியை ஒருவரும் பிடித்துக் காட்டியிருக்கவில்லை.

3. மரபணு வேற, ஏற்பி வேறயா? ரெண்டையும் ஒண்ணாவே பேசறாங்களே.

வேறுதான். மரபணு என்பது செய்முறைக் குறிப்பு. ஏற்பி அதைப் பார்த்துச் செய்த பண்டம். குறிப்பு எல்லாச் செல்லிலும் இருக்கும். பண்டம் தேவைப்படும் செல்லில் மட்டும், தேவைப்படும் அளவில் செய்யப்படும்.

இரண்டாவது அடுக்கின் எதிர்ப்புப் புரதங்களுக்கான மரபணுத் துண்டுகளை, அவற்றைச் செய்யும் வகை வெள்ளணு ஒவ்வொன்றும் தன் விருப்பத்துக்குக் கலைத்து அடுக்கிக்கொள்கிறது. முதல் அடுக்கின் ஏற்பி மரபணுக்களில் அந்தக் கலைப்பு கிடையாது. தாய் தந்தையிடமிருந்து வந்தது வந்தபடியே இருக்கும், குஞ்சுக்கும் அப்படியே போகும். இனப்பெருக்கம் செய்கிறவர்கள் இந்த மரபணுக்கள் மேல் கண் வைப்பதற்குக் காரணம் இதுதான்.

4. பாடத்துல டோல், டோல்னு வருதுங்க. நம்ம விஜயமங்கலம் டோல்கேட் டோலா?

இல்லை, ஆனால் கேட்ட மாணவியை நான் குறை சொல்ல மாட்டேன். இது ஜெர்மன் சொல். 'அடேயப்பா, அருமை' என்பது போன்ற வியப்புச் சொல். பழ ஈயின் கருவளர்ச்சியை ஆராய்ந்த கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்டு ஒரு மரபணு கெட்டுப்போன ஈக்கருவைப் பார்த்து அப்படி வியந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த மரபணு கெட்ட ஈயைப் பூஞ்சை கொன்றுவிடுகிறது என்று யூல் ஹோஃப்மன் குழு 1996-ல் காட்டியது. மறு ஆண்டே மனிதரிடமும் அதன் உறவுப் புரதம் கண்டறியப்பட்டது. எலியில் அத்தகைய ஏற்பிகளுள் ஒன்றுதான் பாக்டீரியாச் சுவரின் நஞ்சை அறிகிறது என்று புரூஸ் பாய்ட்லர் 1998-ல் நிறுவினார். இவ்விருவரும் 2011-ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் உள்ளனர்.

அன்று முதல் இந்தக் குடும்பத்துக்கு டோல்-வகை ஏற்பிகள் என்று பெயர், சுருக்கமாக டிஎல்ஆர். ஒவ்வொன்றும் குதிரை லாடம் போல வளைந்த தலையும், செல்சவ்வைத் துளைத்து நிற்கும் இடுப்பும், செல்லுக்குள் செய்தி கொடுக்கும் வாலும் கொண்டது. லாட வளைவு கிருமிப் பொருளைத் தொடும். வால் மைடி-88 என்ற தூதுப் புரதத்தை எழுப்பும். கடைசியில் என்எஃப்-கப்பா-பி என்ற புரதம் செல்லின் உட்கருவுக்குள் சென்று, அழற்சிக்கான, அதாவது கிருமியை எதிர்க்க உடல் சிவந்து வீங்குவதற்கான, மரபணுக்களைத் திறந்துவிடும்.

5. மனுசனுக்கு எத்தன? மீனுக்கு எத்தனைங்க?

மனிதனுக்கு 10 டிஎல்ஆர், எலிக்கு 12. எல்லா மீனினங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய 20 வகை உண்டு. ஒரே இனத்தில் அத்தனையும் இருக்கும் என்று கொள்ளக் கூடாது. டிஎல்ஆர்-5 கசையிழைப் புரதத்தையும், டிஎல்ஆர்-3 இரட்டை இழை ஆர்.என்.ஏ.யையும், டிஎல்ஆர்-9 பாக்டீரியா டி.என்.ஏ.யையும் அறிபவை. டிஎல்ஆர்-22 நம்மிடம் இல்லை. உடலை ஊதிப் பெருக்கிக்கொள்ளும் பேத்தை மீனில் செய்த ஆய்வில், டிஎல்ஆர்-3 செல்லுக்குள் இருந்து குட்டையான இரட்டை ஆர்.என்.ஏ.யையும், டிஎல்ஆர்-22 செல்லின் மேற்பரப்பில் இருந்து நீளமானதையும் பிடிப்பதாகத் தெரிந்தது. ஒரே திருடனுக்கு வாசலில் ஒரு காவல், வீட்டுக்குள் ஒரு காவல்.

டிஎல்ஆர் மட்டுமே ஏற்பிகள் அல்ல. செல்லின் உட்குழம்பில் பாக்டீரியாச் சுவர்த் துண்டைத் தேடும் நாட் வகை, வைரஸ் ஆர்.என்.ஏ.யைத் தேடும் ரிக் வகை, சர்க்கரைச் சங்கிலிகளைப் பிடிக்கும் லெக்டின் வகை ஆகியவையும் உண்டு. கெண்டையின் தூரத்துப் பங்காளியான வரிக்குதிரை மீனில் நாட் குடும்பத்தைச் சேர்ந்த மரபணுக்கள் மட்டும் முந்நூற்றுக்கும் மேல் இருக்கின்றன.

6. மீனு நம்மளவிடக் கீழான உசுருதானுங்க. அதுக்கெப்படி அதிகமா இருக்கும்?

மேல், கீழ் என்பது நாம் போட்ட வரிசை. எலும்பு மீன்களின் முன்னோரில், 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, மரபணுத்தொகுப்பு முழுவதும் ஒருமுறை இரட்டித்தது. இரட்டித்த படிகளில் பல காலப்போக்கில் தொலைந்தன. சில புது வேலை கற்றுக்கொண்டு தங்கிவிட்டன. சாதாக் கெண்டையின் வழியில் சுமார் ஒரு கோடி ஆண்டுக்கு முன் மேலும் ஓர் இரட்டிப்பு நடந்தது. ரோகு, கட்லா, மிர்கால் மூன்றுக்கும் 50 குரோமோசோம். சாதாக் கெண்டைக்கு 100. ஆகையால் ரோகுவில் ஒன்றாக இருக்கும் பல மரபணுக்கள் சாதாக் கெண்டையில் சோடியாக இருக்கின்றன.

அதிகம் என்பதால் வலிமையும் அதிகம் என்று கணக்குப் போட வேண்டாம். அட்லாண்டிக் காட் என்ற கடல் மீன் இரண்டாவது அடுக்கின் முக்கியமான ஒரு பகுதியையே இழந்துவிட்டது என்று 2011-ல் அதன் மரபணுத்தொகுப்பை வாசித்தபோது தெரிந்தது. அது டிஎல்ஆர்-9, 22 போன்ற சிலவற்றைப் பல படிகளாக்கிக்கொண்டு, வேறு சிலவற்றைக் கைவிட்டு, இன்றும் வாழ்கிறது. ஒவ்வோர் இனமும் தன் வசதிக்கேற்பக் காவலை அமைத்துக்கொள்கிறது.

7. நம்ம கட்லா, ரோகுல இத யாராச்சும் பாத்திருக்காங்களா, இல்ல எல்லாமே வெளிநாட்டு மீனுதானா?

பார்த்திருக்கிறார்கள். புவனேசுவரத்தை அடுத்த கௌசல்யாகங்காவில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனமும், அதே நகரில் உள்ள உயிர் அறிவியல் நிறுவனமும் ரோகு, மிர்கால் மீன்களின் டிஎல்ஆர், நாட் மரபணுக்களைப் பிரித்தெடுத்து, கிருமி ஏற்றும்போது அவை எந்த உறுப்பில், எந்த நேரத்தில் எழுகின்றன என்று அளந்திருக்கின்றன. ரோகுவில் டிஎல்ஆர்-22 மரபணுவை, குறித்த இடத்தில் மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறையால் முடக்கிக் காட்டிய ஆய்வும் கௌசல்யாகங்காவிலிருந்து 2016-ல் வெளியானது.

சாதாக் கெண்டையின் முழு மரபணுத்தொகுப்பு 2014-லும் புல்கெண்டையினுடையது 2015-லும் வெளிவந்தன, ரோகுவினுடையதும் வாசிக்கப்பட்டுவிட்டது.

8. வவுறு வீங்கி, செதில் தூக்கி, செவந்து செவந்து சாகுதுங்களே. அப்ப இந்த ஏற்பியெல்லாம் தூங்கிட்டிருக்குதா?

இந்தத் தொகுப்பை எழுதத் தூண்டிய கேள்வியே இதுதான். ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் பெரும்பாலும் ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா என்ற பாக்டீரியாவின் வேலை. அது வெளியிலிருந்து வந்த பகைவன் அல்ல. எல்லாக் குட்டையிலும், நலமாக இருக்கும் மீனின் குடலிலுங்கூட, எப்போதும் இருப்பது. அதற்குக் கசையிழை உண்டு. டிஎல்ஆர்-5 அதை அறியும். மீன்களில் அந்த ஏற்பி இரண்டு வடிவில் இருக்கிறது: செல்லில் பதிந்திருப்பது ஒன்று, இரத்தத்தில் மிதப்பது மற்றொன்று. ஆக, நாய் குரைக்காமல் இல்லை. குரைத்த பிறகு தடியெடுத்து ஓடி வர ஆள் இருந்ததா என்பதுதான் கேள்வி.

ஓடி வர வேண்டியவை வெள்ளணுக்கள். அவை விழுங்கிய கிருமியைக் கொல்வது, ஆக்சிஜனை எடுத்து அதைச் சுட்டெரிக்கும் நஞ்சாக மாற்றித்தான். விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளக்கும் அளவுக்குத் தண்ணீரில் ஆக்சிஜன் இறங்கியிருந்தால், அந்த ஆயுதமே கூர்மழுங்கிவிடும். அடர்த்தியாக விட்டது, வலையில் இழுத்தது, மிஞ்சிய தீவனம் அழுகி அமோனியா ஏறியது ஆகிய ஒவ்வொன்றும் மீனின் இரத்தத்தில் கார்டிசால் என்னும் ஹார்மோனை உயர்த்தும். கார்டிசாலின் குணங்களில் ஒன்று, நான்காம் பதிலில் சொன்ன என்எஃப்-கப்பா-பி திறக்கும் மரபணுக்களை மூடி வைப்பது. மரபணு அப்படியே இருக்கும், ஏற்பியும் இருக்கும். செய்தி மட்டும் போய்ச் சேராது.

இன்னொன்றும் உண்டு. கிருமி மிகப் பெருகிய பின் அழைப்பு அளவு மீறிப் போனால், அழற்சியே மீனின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கத் தொடங்கும். நீங்கள் பார்க்கும் சிவப்பில் ஒரு பங்கு கிருமி செய்தது, ஒரு பங்கு மீன் தனக்குத்தானே செய்துகொண்டது. ஆகவே என் எண்ணம் இது: நோய் கண்ட குட்டையில் முதலில் ஐயப்பட வேண்டியது தண்ணீரை, கடைசியில்தான் மரபணுவை.

9. எண்டோடாக்சின் மனுசனக் கொன்னுரும், மீனுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு எங்க சார் சொன்னாரு. நெசமுங்களா?

ஏறக்குறைய உண்மை. எண்டோடாக்சின் என்பது லிப்போபாலிசாக்கரைடு, அதாவது நான்காம் பதிலில் வந்த பாக்டீரியாச் சுவர் நஞ்சு. பாலூட்டிகளில் அதை அறிவது டிஎல்ஆர்-4. மிகச் சிறிய அளவே மனிதனை அதிர்ச்சி நிலைக்குக் கொண்டுபோய்விடும். மீன் அதைப் போலப் பல மடங்கைத் தாங்கும்.

பேத்தை மீன் உள்ளிட்ட பல மீன்களில் டிஎல்ஆர்-4 கிடையாது. வரிக்குதிரை மீனிலும் கெண்டைகளிலும் அந்தப் பெயரில் மரபணு உண்டு. ஆனால் வரிக்குதிரை மீனில் சோதித்தபோது அது இந்த நஞ்சை அறியவில்லை, எதிர்ப்பைச் சற்று அடக்கவே செய்தது. பெயர் ஒன்றாக இருப்பதால் தொழிலும் ஒன்றாக இருக்கும் என்று எழுதித் தேர்வில் மதிப்பெண் இழந்தவர்களை நான் அறிவேன்.

10. புண்ணு நோயி மார்கழி, தையிலதான் வருது. குளிருக்கும் மரபணுவுக்கும் என்னங்க சம்பந்தம்?

மீனுக்குத் தன் சூடு கிடையாது. தண்ணீரின் சூடே அதன் சூடு. மரபணுவிலிருந்து புரதம் செய்வதும், வெள்ளணு நகர்வதும், எதிர்ப்புப் புரதம் உண்டாவதும் குளிரில் மெதுவாகும். கொள்ளைப் புண் நோயை உண்டாக்கும் அஃபனோமைசெஸ் இன்வாடன்ஸ் என்ற பூஞ்சை போன்ற உயிரி அந்த நேரத்தை ஏற்கெனவே அறிந்ததுபோல், மழைக்குப் பின் 18 முதல் 22 பாகை செல்சியஸ் வெப்பத்தில் நன்றாகப் பரவுகிறது. மழைநீர் தண்ணீரின் காரத்தன்மையையும் குறைத்துவிடும். அதனால்தான் ஐப்பசி மழை ஓய்ந்ததும் சுண்ணாம்பு போடச் சொல்கிறோம்.

இந்த நோயில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். விராலும் மிர்காலும் எளிதில் விழுகின்றன. அதே குட்டையில் சாதாக் கெண்டை பெரும்பாலும் தப்பிவிடுகிறது. அதன் அழற்சிச் செல்கள் பூஞ்சை இழையைச் சூழ்ந்து கட்டிப்போட்டுவிடுகின்றன. குளிர் எல்லா மீனுக்கும் ஒன்றுதான். எனவே இந்த வேறுபாடு இனத்தின் மரபிலிருந்து வருவது. மரபணு வேலை செய்வதற்கு நம் கண்முன்னே உள்ள நல்ல சான்று இது.

11. பல்லடத்துல கோழிக்குஞ்சுக்கு மொத வாரத்துலயே தடுப்புமருந்து விடறாங்க. மீனுக்கு மட்டும் ஏனுங்க இல்ல?

தடுப்பூசி நினைவை உண்டாக்கும் கருவி. நினைவு இரண்டாவது அடுக்கின் வேலை. முதல் பதிலில் சொன்னபடி, சிறு குஞ்சில் அந்த அடுக்கு முற்றியிருக்காது. கொஞ்சம் வளர்ந்த பிறகு போடலாம் என்றால், ஆயிரக்கணக்கான மீனை ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போட வேண்டும். நார்வேயில் சால்மனுக்கு அப்படித்தான் போடுகிறார்கள். அந்த மீனின் விலை அதைத் தாங்கும், நம் கெண்டையின் விலை தாங்காது.

கோழியைப் பேசியதால் ஒரு செய்தி. கோழிக்கு டிஎல்ஆர்-9 கிடையாது. அந்த வேலையை அதில் டிஎல்ஆர்-21 பார்க்கிறது. மீனுக்கு இரண்டும் உண்டு.

12. தீவனத்துல ஈஸ்ட்டு, பீட்டா குளுக்கான் கலந்தா சக்தி கூடும்னு விக்கறாங்க. வாங்கலாமுங்களா?

பீட்டா குளுக்கான் என்பது ஈஸ்ட், பூஞ்சைகளின் சுவரிலுள்ள சர்க்கரைச் சங்கிலி. கிருமி வராமலேயே கிருமியின் சட்டையை மட்டும் காட்டி நாயை விழிப்பாக வைப்பது இதன் நோக்கம். பாலூட்டிகளில் இதைப் பிடிக்கும் டெக்டின்-1 என்ற ஏற்பிக்கு நேரான மரபணு மீன்களில் தென்படவில்லை. கெண்டையில் லெக்டின் வகையைச் சேர்ந்த வேறு ஏற்பிகள் அந்த வேலையைச் செய்வதாக ஆய்வுகள் சுட்டுகின்றன. ஆகச் சரக்கு பொய்யில்லை.

ஆனால் நாள்தோறும் போடுவது வீண். மாதக்கணக்கில் இடைவிடாமல் கொடுத்தால் தூண்டுதல் மங்கிவிடும்; சட்டையையே பார்த்துப் பழகிய நாய் பிறகு ஆளையே பார்த்தாலும் எழாது. குஞ்சை இடம் மாற்றுவதற்கு முன்போ, குளிர் தொடங்குவதற்கு முன்போ சில வாரங்கள் கொடுத்து நிறுத்துவது பொருளுள்ள முறை.

13. எங்கூரு மஞ்சளையே போட்டா ஆகாதுங்களா?

ஈரோட்டு மஞ்சள் 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. அதைத் தீவனத்தில் போடாமல் இருக்க நம்மவர் மனம் ஒப்பாது. அளவாகப் போட்டால் கேடில்லை. கெண்டைகளில் நோய்த் தாக்குதலுக்குப் பின் பிழைத்தவை கூடியதாகச் சொல்லும் ஆய்வுகளும் உண்டு. ஆனால் மஞ்சளின் குர்குமின் எதைச் செய்வதாக நன்கு அறியப்பட்டதோ, அது என்எஃப்-கப்பா-பியை அடக்குவது. அதாவது எட்டாம் பதிலின் கடைசியில் சொன்ன அளவு மீறிய அழற்சிக்கு அது நல்லது. அழைப்பை உரக்க ஒலிக்கச் செய்வதற்கு அல்ல. மஞ்சளையும் பீட்டா குளுக்கானையும் ஒரே வாளியில் கலந்து, 'ரெண்டுமே எதிர்ப்புச் சக்திதானுங்க' என்றவரிடம், ஒரு கையால் நாயை உசுப்பிவிட்டு மறு கையால் அதன் வாயைக் கட்டுகிறீர்கள் என்றேன்.

14. 'எதிர்ப்பு மரபணு உள்ள குஞ்சு'ன்னு ஒருத்தரு குஞ்சுக்கு ரெண்டு ரூவா கூட வெச்சு வித்தாருங்க. வாங்கிட்டேன். ஏமாந்துட்டேனா?

பெரும்பாலும் ஆம். ஏற்பி மரபணு இல்லாத மீன் குஞ்சு என்று ஒன்று கிடையாது. மலிவாக வாங்கிய குஞ்சிலும் அதே மரபணுக்கள் இருக்கின்றன. சொல்ல வேண்டியது மரபணு இருக்கிறதா என்பதல்ல. அதன் எந்த வடிவம் இருக்கிறது, அந்த வடிவமுள்ள மீன்கள் எந்த நோயில் எத்தனை பிழைத்தன என்பதே. இதே ஆசையில் என் உறவினர் ஒருவரும் ஒருமுறை பணத்தை விட்டார். விற்றவரிடம் எந்தக் கிருமியை ஏற்றிச் சோதித்தீர்கள் என்று கேட்டதற்கு, 'எல்லாக் கிருமியும்' என்று பதில் வந்தது. அந்தப் பதில் வந்த கணமே குஞ்சுப் பையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

15. காங்கேயம் மாடு வெயிலும் தாங்குது, நோயும் தாங்குது. அது மாதிரி மீன உண்டாக்க முடியாதுங்களா?

முடியும், வழியும் மாட்டுக்கு நம் முன்னோர் கண்டதுதான், அதாவது தாங்கியதைத் தேர்ந்து பெருக்குவது. நார்வே நிறுவனத்தின் துணையோடு கௌசல்யாகங்காவில் 1992-ல் தொடங்கிய தேர்வு இனப்பெருக்கத்தில் வேகமாக வளரும் ரோகு உருவானது. விடுதலைப் பொன்விழா ஆண்டை ஒட்டி 1997-ல் அதற்கு ஜெயந்தி என்று பெயர் வைத்தார்கள். பிறகு அதே இடத்தில் ஏரோமோனாசைத் தாங்கும் குடும்பங்களைத் தேர்ந்தெடுக்கும் பணியும் நடந்தது. பல குடும்பங்களின் குஞ்சுகளுக்குக் கிருமியை ஏற்றி, அதிகம் பிழைத்த குடும்பத்தின் உடன்பிறப்புகளை அடுத்த தலைமுறைக்குத் தாய் தந்தையாக வைப்பார்கள். எந்த மரபணு காரணம் என்று தெரியாமலேயே இதைச் செய்ய முடியும்.

தெரிந்துகொண்டும் செய்யலாம், ஆனால் தேடிய இடத்தில் கிடைக்கும் என்று நினைக்கக் கூடாது. சால்மனின் கணைய அழுகல் நோயில், குரோமோசோமின் ஒரே ஓர் இடம் பிழைப்பதையும் சாவதையும் பெருமளவு தீர்மானிப்பதாகத் தெரிந்தது. அந்த இடத்தில் டிஎல்ஆர் எதுவும் இருக்கவில்லை. செல்லோடு செல் ஒட்ட உதவும் ஈ-காதரின் என்ற புரதத்தின் மரபணுவே காரணம் என்று 2015-ல் ஓர் ஆய்வு சொன்னது; வைரஸ் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைகிறது என்பது அதன் விளக்கம். பின்னர் வந்த ஆய்வு அதே பகுதியிலுள்ள வேறொரு மரபணுவைச் சுட்டியது. எல்லாரும் நாயை ஆராய்ந்துகொண்டிருந்தபோது விடை வேறெங்கோ கிடந்தது. பெரும்பாலான நோய்களில் இப்படி ஒற்றை இடமும் அமையாது. சிறு சிறு பங்காகப் பல மரபணுக்கள் சேர்ந்தே தாங்கும் தன்மையைத் தருகின்றன.

16. ஆய்வுக் கட்டுரையில 'டிஎல்ஆர் பத்து மடங்கு கூடுச்சு'ன்னு போடறாங்க. அப்ப அந்த மீனு பத்து மடங்கு பலசாலியா?

இல்லை. அங்கே அளந்தது ஏற்பியை அல்ல. மூன்றாம் பதிலின் உவமையில் சொன்னால், குறிப்பைப் பார்த்து எடுத்த நகல்களான தூது ஆர்.என்.ஏ.க்களை. நகல் கூடினால் பண்டமும் அதே அளவில் கூடும் என்ற உறுதியில்லை. எந்த உறுப்பில் அளந்தார்கள் என்பதும் முக்கியம். மீனுக்கு எலும்பு மச்சையில் இரத்த அணு உண்டாவதில்லை. அந்த வேலை தலைச் சிறுநீரகத்தில் நடக்கிறது. அங்கே பத்து மடங்கு ஏறியது, அதே நேரத்தில் கல்லீரலில் இறங்கியிருக்கலாம். ஆறு மணி நேரத்தில் ஏறியது மூன்றாம் நாள் பழைய நிலைக்கு வந்திருக்கலாம்.

கடும் நோயில் சாகப்போகும் மீனிலும் இந்த எண்கள் உச்சத்தில் இருக்கும். வீடு முழுவதும் திருடர் புகுந்துவிட்டால் நாய் தொண்டை கிழியத்தான் குரைக்கும். ஆகவே, மடங்குக் கணக்கோடு எத்தனை மீன் பிழைத்தது என்ற கணக்கும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்; இல்லாவிட்டால் அது எதிர்வினை நடந்தது என்பதற்கு மட்டுமே சான்று.

17. ஜிலேபிக்கு ஒண்ணுமே வரதில்லைங்க. அதோட மரபணு அவ்வளவு ஒசத்தியா?

அமராவதி அணையில் வலை போட்டவர்கள் எல்லாருக்கும் ஜிலேபிக் கெண்டையின், அதாவது திலேப்பியாவின், கெட்டித்தனம் தெரியும். 1952-ல் இந்தியாவுக்கு வந்த மீன், பல நீர்த்தேக்கங்களை ஆக்கிரமித்துவிட்டது. குறைந்த ஆக்சிஜனையும் தாங்கும். பத்தாம் பதிலில் சொன்ன புண் நோயிலும் பெரும்பாலும் தப்பும்.

ஆனால் அடர்த்தியாக வளர்க்கும் இடங்களில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியா அதைக் கொத்துக் கொத்தாகக் கொல்கிறது. திலேப்பியா ஏரி வைரஸ் என்று 2014-ல் இஸ்ரேலில் இனங்காணப்பட்ட நோய் பின்னர் இந்தியாவிலும் பதிவாகியிருக்கிறது. எந்த நோயைத் தாங்கும் என்று சொல்லாமல் 'தாங்கும் மீன்' என்று சொல்வது பாதிச் சொல்தான்.

18. கிரிஸ்பர் போட்டு மரபணுவையே மாத்திட்டா வேல முடிஞ்சுதில்லைங்களா?

ஏழாம் பதிலில் வந்த ரோகு ஆய்வில் செய்தது மரபணுவை முடக்கியது. அது இல்லாவிட்டால் என்ன ஆகிறது என்று பார்ப்பதற்கான வழி அது. முடக்குவது எளிது, மேம்படுத்துவது கடினம். ஏற்பியை அதிகக் கூர்மையாக்கினால், தன் உடம்பின் உடைந்த செல்லைக்கூடப் பகையாகக் கருதி ஓயாத அழற்சியில் மீன் இளைத்துப்போகும். ஜப்பானில் மரபணு திருத்திய மீன்கள் 2021 முதல் விற்பனைக்கு வந்தன. அவை சதைப்பற்றுக்கும் வளர்ச்சிக்கும் திருத்தியவை, எதிர்ப்புக்கு அல்ல.

நம் குட்டைகள் மழைக்காலத்தில் நிரம்பி வழிந்தால் அந்தத் தண்ணீர் வாய்க்கால் வழியே பவானிக்கும் காவிரிக்கும் போகிறது. ஒப்புதல் பெறாத மீனை அங்கே விடுவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன்.

19. சாயத் தண்ணி கலந்த கெணத்துல மீன் விடலாமுங்களா? மரபணு மாறிப் போயிருமா?

விட வேண்டாம். மரபணு மாறிவிடும் என்ற அச்சத்தைவிட அருகில் இருக்கும் கேடு வேறு. உப்பும் உலோகமும் மிகுந்த தண்ணீர் செவுளைப் புண்ணாக்கி, எட்டாம் பதிலில் சொன்ன கார்டிசாலை இடைவிடாமல் உயர்த்தி வைக்கும். நொய்யலில் திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையைச் சுற்றியுள்ள விவசாயிகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அந்த மீனைத் தின்பவர் யார் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

20. செத்த மீன ஐஸ்ல வெச்சு அனுப்புனா, மரபணு பாத்து என்ன நோயின்னு சொல்லுவாங்களா?

நோய்க்கூடத்தில் பார்ப்பது மீனின் ஏற்பி மரபணுவை அல்ல, கிருமியின் மரபணுவை. அதுவே உங்களுக்கு வேண்டியது. செத்து மிதந்த மீன் உதவாது, ஏனெனில் சில மணி நேரத்தில் குளத்துப் பாக்டீரியா எல்லாம் அதற்குள் புகுந்துவிடும். தள்ளாடும், ஓரம் ஒதுங்கும் மீன் நான்கைந்தை உயிரோடு பிடித்து, ஆக்சிஜன் நிரப்பிய பையில், அதே குட்டைத் தண்ணீரோடு கொண்டுபோவது நல்லது. அது முடியாவிட்டால், அப்போதுதான் பிடித்த மீனின் செவுள், சிறுநீரகம், மண்ணீரல் துண்டுகளைச் சாராயத்தில், அதாவது 95 விழுக்காடு எத்தனாலில், போட்டு அனுப்பலாம். திசுவை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டுமென்றால் 10 விழுக்காடு ஃபார்மலினில் தனியாக ஒரு துண்டு.

போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: குஞ்சு விட்ட நாள், விட்ட எண்ணிக்கை, முதல் சாவு எப்போது, விடியற்காலையில் மீன் வாய் பிளந்ததா, கடைசியாக என்ன தீவனம், என்ன மருந்து. ஒரு பாட்டில் தண்ணீரையும் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் குட்டையின் மேல்பரப்பில் மொள்ளாமல், ஒரு முழம் ஆழத்திலிருந்து, காலை ஆறு மணிக்கு முன் எடுக்க வேண்டும்.